நண்பகலில் நான்கு கம்பளிகள்

1

சென்ற திங்கட்கிழமை எங்கள் வீட்டிலிருந்து யாரும் வெளியே போகவில்லை. கணவருக்கு ஞாயிறு மாலையே முதுகு வலி தொடங்கியிருந்தது. விடிந்தபோது எனக்கும் மகள் கவிதாவுக்கும் அதே நிலை. லீட்ஸ் நகரில் டிசம்பர் மாதம் விடிவது என்பது பெயருக்குத்தான். எட்டு மணிக்கும் தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருக்கும். முன்னறையில் கணப்பை மூட்டி, ஆளுக்கொரு கம்பளியைப் போர்த்திக்கொண்டு மூவரும் அதைச் சுற்றி உட்கார்ந்தோம். பற்கள் தாமாக அடித்துக்கொண்டன.

வேலைக்கு வர இயலாது என்று ஆய்வகத்துக்குத் தொலைபேசியில் சொன்னேன். இந்த ஊருக்கு வந்த புதிதில் இத்தகைய பேச்சுக்கு முன்னால் வாக்கியத்தைத் தாளில் எழுதி வைத்துக்கொள்வேன். காய்ச்சல் என்று சொன்னால் எத்தனை டிகிரி என்று கேட்பார்கள். தெரியாது என்றால் அது காய்ச்சல் ஆகாது. உடம்புக்கு முடியவில்லை என்று நம் ஊரில் சொல்வதை அப்படியே ஆங்கிலமாக்கிச் சொன்ன ஒரு நாள், என் உடம்பால் எந்தக் காரியம் முடியவில்லை என்று மேற்பார்வையாளர் அம்மையார் அக்கறையோடு விசாரித்தார். இப்போது ஒரே சொல்லில் முடித்துவிடுகிறேன். ஃப்ளூ.

கவிதாவுக்குப் பன்னிரண்டு வயது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் வயது. கம்பளிக்குள்ளிருந்து, கிருமி ஏன் இப்படி உடம்பை உலுக்க வேண்டும், அதற்கு இதனால் என்ன பயன் என்று கேட்டாள். உலுக்குவது பெரும்பாலும் கிருமி அல்ல, நம் உடம்பேதான் என்றேன். வைரஸ் ஒன்று உள்ளே நுழைந்ததும் நம் உயிரணுக்கள் அக்கம்பக்கத்து உயிரணுக்களை எச்சரிக்க ஒரு பொருளைச் சுரக்கின்றன. அந்த எச்சரிக்கையின் விலைதான் இந்தக் குளிரும் வலியும் என்று விளக்கினேன். அந்தப் பொருளின் பெயர் இன்டர்ஃபெரான்.

அவள் சற்று யோசித்துவிட்டு, அதிசயமாகத் தமிழிலேயே கேட்டாள்: "மாமாவோட மருந்தா?"

ஆம், மாமாவின் மருந்துதான். திங்கட்கிழமை, ஒரே வீட்டில் எல்லோருக்கும் நடுக்கம், ஆளுக்கொரு கம்பளி. இதே காட்சியை நான் முன்பும் ஒருமுறை பார்த்திருக்கிறேன். அது சேலம் மாவட்டத்தில், நாமக்கல் பக்கம், உச்சி வெயிலில்.

2

இந்த மருந்தைப் பற்றி நம் ஊர்ப் பத்திரிகைகளில் சில காலம் முன்பு ஆரவாரமாக எழுதினார்கள். புற்றுநோய்க்கு முடிவு வந்துவிட்டது என்ற தொனியில் வந்த ஒரு கட்டுரையை அண்ணன் வெட்டி எனக்கு அனுப்பியிருந்தார். அப்போது அவருக்கு எந்த நோயும் இல்லை. தங்கை வேலை செய்யும் துறை என்பதால் பெருமையாக அனுப்பினார். ஆகவே எனக்குத் தெரிந்ததை அளவாகச் சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் பிற்பகுதியில் நான் இங்கே முதன்முதலில் சேர்ந்த வேலை, தானமாக வந்த குருதியிலிருந்து வெள்ளை அணுக்களைப் பிரிப்பது. குருதியைச் சுழற்றினால் சிவப்புக்கும் தெளிநீருக்கும் நடுவே மெல்லிய ஏடுபோல் அவை படியும். அந்த ஏட்டை எடுத்து, குளிரில் வைத்து அனுப்புவோம். வேறொரு கூடத்தில் அந்த அணுக்களுக்குத் தீங்கற்ற ஒரு வைரஸைக் காட்டி, அவை பயந்து சுரக்கும் இன்டர்ஃபெரானைச் சேகரித்தார்கள். ஏராளமானவர்களின் குருதியிலிருந்து கிடைத்தது ஒரு நோயாளிக்குச் சில நாளுக்குக்கூடப் போதாது. யாருக்குக் கொடுப்பது, யாரை விடுவது என்ற விவாதம் மருத்துவர்களிடையே நடக்கும்போது, ஏடு எடுத்துக் கொடுத்த கையோடு நான் ஓரமாக நின்று கேட்டிருக்கிறேன்.

பிறகு நிலை மாறியது. அந்தப் பொருளைச் செய்யும் குறிப்பை மனித உயிரணுவிலிருந்து எடுத்துப் பாக்டீரியாவுக்குள் வைத்து, அதையே செய்யவைக்கும் வழி வந்தது. ஆல்ஃபா வகை இன்டர்ஃபெரான் கண்ணாடிக் குப்பியில் வெள்ளைப் பொடியாகக் கிடைக்கத் தொடங்கியது. கூடவே உண்மையும் தெரியவந்தது. அது எல்லாப் புற்றுநோய்க்கும் மருந்தல்ல. ரத்தப் புற்றுநோயில் சில வகைகள், நாட்பட்ட கல்லீரல் அழற்சியில் சில, இப்படிக் குறிப்பிட்ட இடங்களில் மட்டும் அது பேசும். அங்கும் எல்லோரிடமும் பேசாது. பேசும் இடத்திலும், வைரஸ் இல்லாமலே வைரஸ் காய்ச்சலைக் கொண்டுவரும். குளிர், மூட்டு வலி, பசியின்மை, சிலருக்கு மனம் இருண்டுபோவது. இவ்வளவையும் பொறுத்துக்கொண்டு, அளவு குறையாமல், மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் போட்டுக்கொள்ள வேண்டும்.

அளவு குறையாமல் என்பதை மட்டும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

3

அண்ணன் பழனிசாமி என்னைவிட ஏழு வயது மூத்தவர். எங்கள் தோட்டம் நாமக்கல்லிலிருந்து மோகனூர் போகும் வழியில் உள்ளது. கிணறு கைவிட்ட ஆண்டுகளில் அவர் நிலக்கடலையை விட்டுவிட்டு முட்டைக்கோழிக்கு மாறினார். ஊரில் சிரித்தார்கள். கவுண்டர் கோழிக்குப் பின்னால் ஓடுகிறார் என்றார்கள். சிரித்தவர்களில் பலர் பிறகு தாங்களே கோழி ஷெட்டு போட்டுவிட்டார்கள். அது வேறு கதை.

எண்பத்தாறில் அவருக்கு இடப்பக்க விலாவுக்குக் கீழே கனம் தட்டியது. சாப்பாடு இறங்கவில்லை, வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. சேலத்தில் குருதியைச் சோதித்தபோது வெள்ளை அணுக்கள் இருக்க வேண்டியதைப் போலப் பல மடங்கு இருந்தன. மெதுவாகத் தொடங்கி, சில ஆண்டுகள் அடங்கியிருந்து, ஒருநாள் கட்டறுத்துக்கொள்ளும் ரத்தப் புற்றுநோய் வகை அது. நான் விடுப்பில் வந்திருந்தபோது சென்னையில் ஒரு மருத்துவரிடம் காட்டினோம். மாத்திரை கொடுத்தால் எண்ணிக்கை இறங்கும், ஆனால் நோயின் போக்கு மாறாது, இன்டர்ஃபெரான் கிடைத்தால் முயன்று பார்க்கலாம் என்று அவர் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்த்தார்.

இங்குள்ள மருத்துவர் ஒருவரின் உதவியால் குப்பிகள் கிடைத்தன. எப்படி, என்ன விலைக்கு என்பதையெல்லாம் எழுதி வாசகரை அயர்த்த விரும்பவில்லை. ஆனால் சுங்கத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. குளிரிலேயே இருக்க வேண்டிய பெட்டியோடு சென்னை விமான நிலையத்தில் நின்றேன். உயிர்காக்கும் மருந்து என்பதற்கான சான்று இருந்தது. அதில் இருந்த முத்திரை வட்டமாக இருந்தது, அவர்களுக்கு வேண்டியது வேறு முத்திரை. அதைத் தரக்கூடியவர் மதியத்துக்கு மேல்தான் வருவார் என்றார்கள். பெட்டிக்குள் பனிக்கட்டி நீராகிக்கொண்டிருந்தது. விற்பதற்கா என்று ஒருவர் கேட்டார். யாருக்கு விற்பது என்று நான் கேட்டதற்கு, அதை நீங்கள்தான் எழுதித் தர வேண்டும் என்றார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அப்படி ஒரு பொருளை அதற்கு முன் அவர் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

ஒருவழியாக வெளியே வந்தபோது அண்ணன் வாசலில் நின்றிருந்தார், கோழித் தடுப்பூசி கொண்டுவரும் தெர்மகோல் பெட்டியில் புதுப் பனிக்கட்டி நிரப்பிக்கொண்டு. என் பெட்டியைத் திறந்து விரலால் தொட்டுப் பார்த்தார். "கெடல, அம்மிணி," என்று சொல்லிவிட்டு, அங்கேயே தரையில் குந்தி எல்லாக் குப்பிகளையும் மாற்றினார். அதன் பிறகுதான் எப்படி இருக்கிறாய் என்று கேட்டார்.

ஊசி போட வெளியாள் தேவைப்படவில்லை. ஆயிரக்கணக்கான குஞ்சுகளுக்குப் போட்ட கை. திங்கள், புதன், வெள்ளி, விடியற்காலையில் தமக்குத் தாமே போட்டுக்கொண்டார். மாலையில் போட்டால் காய்ச்சலைத் தூக்கத்தில் கழித்துவிடலாம் என்றேன். வெயில் ஏறுவதற்குள் போட வேண்டும் என்பது ஷெட்டின் விதி, அவர் மாற்றவில்லை. முதல் சில மாதங்களில் எண்ணிக்கை இறங்கியது. மண்ணீரல் சுருங்கியது. நான் லீட்ஸில் நிம்மதியாகத் தூங்கினேன்.

4

எண்பத்தேழின் இறுதியில் சென்னை மருத்துவரிடமிருந்து தகவல் வந்தது. எண்ணிக்கை மீண்டும் ஏறுகிறது. மருந்து தன் வேலையை நிறுத்திவிட்டதாகத் தெரிகிறது. அடுத்த சோதனையிலும் இறங்காவிட்டால் ஊசியை விட்டுவிட்டுப் பழைய மாத்திரைக்கே திரும்ப வேண்டியதுதான். அப்படித் திரும்பினால் நமக்கு எஞ்சியிருப்பது காத்திருத்தல் மட்டும் என்பதை அவர் எழுதவில்லை. எனக்கு எழுத வேண்டியதும் இல்லை.

கையில் விடுப்பு இருந்தது. கவிதாவை அவள் அப்பாவிடம் விட்டுவிட்டு ஜனவரியில் புறப்பட்டேன். புதுக் குப்பிகளும் என்னோடு வந்தன.

நான் தோட்டத்தில் இறங்கியது ஒரு திங்கட்கிழமை, நண்பகல். ஷெட்டுகளில் கோழிகள் கத்திக்கொண்டிருந்தன; தீவனத் தொட்டிகள் காலியாக இருந்தன. ஆட்களைக் காணவில்லை. வீட்டுக்குள் நுழைந்தால், கூடத்தில் வரிசையாக நான்கு கட்டில்கள், நான்கு கம்பளிகள். வெளியே கண் கூசும் வெயில். உள்ளே நான்கு கம்பளிகளும் நடுங்கிக்கொண்டிருந்தன.

முதல் கம்பளியிலிருந்து நங்கை தலையை நீட்டினார். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்றுதான் கூப்பிடுவோம். எழுந்திருக்க முயன்று முடியாமல், "வா அம்மிணி, தண்ணி குடத்துல இருக்குது, நீயே மோந்துக்க," என்றார். அடுத்தது பெரியவன், அதற்கடுத்தது சின்னவன். இருவரும் இருபதைத் தாண்டிய இளைஞர்கள், ஷெட்டு வேலை முழுவதும் அவர்கள் தோளில்தான். கடைசிக் கம்பளி அண்ணன்.

விஷக்காய்ச்சலா, மலேரியாவா, தண்ணீரில் ஏதேனும் கோளாறா என்று என் மனம் ஓடியது. யாருக்கு முதலில் வந்தது, எப்போதிருந்து என்று கேட்டேன்.

அண்ணன் பற்கள் அடித்துக்கொள்ளச் சிரித்தார். "பயப்படாத. ஊசி வேலை செய்யுது."

யாருக்குப் போட்ட ஊசி என்று கேட்டேன்.

"எல்லாருக்குந்தான்."

பெரியவன் கம்பளிக்குள்ளிருந்தே, "எனக்கு இடது கையி, அத்தை. சின்னவனுக்குத் தொடையில. அவன்தான் ஊசின்னா ஓடுவான்," என்றான். சின்னவன் காலால் அவனை எத்தினான்.

எத்தனை குப்பி என்று கேட்டேன். ஒரு குப்பி. ஒரு நோயாளியின் ஒரு நாள் அளவு. அதில் நீரூற்றிக் கரைத்து, நான்கு ஊசிகளில் சமமாக ஏற்றி, நான்கு பேர். மருந்து தோற்கவில்லை. மருந்து அண்ணனுக்கு முழுதாகப் போய்ச் சேரவே இல்லை.

5

ஏன் என்று அன்று மாலை கேட்டேன், காய்ச்சல் தணிந்து அவர் கோழிகளுக்குத் தீவனம் கொட்டத் தொடங்கிய பிறகு. அவர் மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய காரியம் என்று அவர் நினைத்திருக்கவே இல்லை.

ஐப்பசி மழையில் ஒரு ஷெட்டில் இளங்கோழிகள் கால் இழுத்து விழுந்தன. கால்நடை மருத்துவர் வந்து செத்ததை அறுத்துக் காட்டினார். கல்லீரல் முழுவதும் வெள்ளை வெள்ளையாகக் கட்டிகள். மேரக்ஸ். கோழிகளுக்கு வைரஸால் வரும் புற்றுநோய். இறகுத் தூசியில் பரவும். வந்தால் ஒன்றோடு நிற்காது. முன்கூட்டித் தடுப்பூசி போடுவது ஒன்றே வழி. கோழி வளர்க்கும் யாருக்கும் இது பாடம். அண்ணன் அந்தக் கல்லீரலைப் பார்த்துக்கொண்டு நின்றபோது தம் விலாவைத் தொட்டுப் பார்த்திருக்கிறார். பிறகு, அதே தூசியில் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை நிற்கும் மகன்களைப் பார்த்திருக்கிறார்.

"ஒண்ணுக்கு வந்துட்டா ஷெட்டு முழுக்கப் போடோணும். இது உனக்குத் தெரியாததா, அம்மிணி?"

"அது கோழிக்குங்ணா. அந்தக் கிருமி மனுசங்களுக்கு வராது. உங்களுக்கு வந்ததும் அது இல்லீங்க. இது தடுப்பூசியே இல்ல."

"ஐஸ்ல வருது. ஊசியாப் போடறோம். போட்டாக் காச்சல் வருது. தடுப்பூசிக்கு இதுக்கு மேல என்ன கொம்பா மொளைக்கோணும்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. தீவன வாளியைக் கீழே வைத்தார்.

"நா மட்டும் போட்டுக்கிட்டு நல்லாயிட்டேன்னு வையி. நாளைக்குப் பெரியவன் வந்து, அப்பா இங்க கனமா இருக்குதுன்னு விலாவைத் தொட்டுக் காட்டுனா, நா அவன் மூஞ்சிய எப்படிப் பாக்கறது?"

அதற்கு மேல் நான் வாதாடவில்லை. புற்றுநோய் என்பது தொற்றும், அதற்குத் தடுப்பூசி உண்டு என்று தம் கண்ணால் கண்டு, அதை வைத்துப் பிழைத்தவரிடம், சொல்லால் என்ன நிறுவ முடியும்? அவர் அறிந்த உலகில் அவர் செய்தது சரி. அந்தச் சரியே அவரைக் கொன்றுகொண்டிருந்தது. அடுத்த சோதனைக்கு இருந்த நாட்கள் குறைவு. அவராக ஒப்புக்கொள்ளாமல் குப்பியை நான் பூட்டி வைத்துவிட்டுப் போனால், நான் விமானம் ஏறிய மறுநாளே அது மறுபடி நான்கு ஊசிகளில் ஏறும். சொல்ல முடியாததைக் காட்டுவது என்று முடிவு செய்தேன்.

மறுநாள் சேலம் செவ்வாய்ப்பேட்டைக்கு முட்டை போகும் வண்டியில் ஐந்து பேரும் ஏறினோம். மண்டியில் சரக்கை இறக்கிவிட்டு, என்னோடு கல்லூரியில் படித்த தோழி வேலை செய்யும் ஒரு சிறிய ஆய்வுக்கூடத்துக்குப் போனோம். அவள் நால்வர் விரலிலும் குத்தி, கண்ணாடித் தகட்டில் தடவி, சாயமேற்றிக் கொடுத்தாள். நுண்ணோக்கியில் முதலில் சின்னவனுடையதை வைத்தேன். பிறகு பெரியவன், பிறகு நங்கை. செந்நிற வட்டங்களின் பரப்பில் அங்கொன்றும் இங்கொன்றுமாய் ஊதா நிறத்தில் வெள்ளை அணு. கடைசியாக அண்ணனுடையது: ஊதா அணுக்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு.

அவர் நெடுநேரம் குனிந்தே இருந்தார். தகட்டை நகர்த்தச் சொன்னார், நகர்த்தினேன். மகன்களுடையதை மறுபடி வைக்கச் சொன்னார், வைத்தேன். வாங்கும் முன் மந்தையைப் பார்க்கும் அதே நிதானம்.

"என்ற ஷெட்டுல அடைசல் அதிகம்," என்றார் நிமிராமல்.

"பசங்க ஷெட்டுல இல்லீங்களே, ணா."

"இன்னைக்கு இல்ல."

நாளைக்கு என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொய் சொல்லியிருக்க மாட்டேன். யாருக்கும் நாளை என்ன வரும் என்று சொல்ல முடியாது. ஆனால் வருவதை இந்த ஊசி தடுக்காது என்பதை மட்டும் சொல்லியிருப்பேன். அவர் முகத்தில் இன்னும் பாதி சந்தேகம் இருந்தது. பாதி சந்தேகம் என்றால் அரைக் குப்பி என்று எனக்குப் பயம்.

திரும்பும் வழியில் நங்கை பேசினார். அதுவரை அவர் எதற்கும் எதிர்வார்த்தை சொன்னதில்லை. கையை நீட்டச் சொன்னால் நீட்டியிருக்கிறார், காய்ச்சலில் கிடந்திருக்கிறார்.

"ஏனுங்க, உங்களுக்குன்னு வந்ததுல பங்கு வாங்கிட்டு நாங்க நல்லா இருந்து என்ன பண்றதுங்க? எனக்கு இனி வேண்டாம். பசங்களுக்கும் போட உட மாட்டேன். நாலு பேரும் படுத்துக்கிட்டா கோழிக்குத் தண்ணி காட்ட ஆளில்ல. நீங்க ஒருத்தரே நடுங்குங்க. நா பக்கத்துல உக்காந்துக்கறேன்."

வண்டிச் சத்தத்தில் அண்ணன் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. நாமக்கல் மலை கண்ணுக்குத் தெரிந்த பிறகு, "சரி, ஆகட்டும்," என்றார்.

புதன்கிழமை விடியலில் ஒரே ஊசி. முழுக் குப்பி. நண்பகலில் அவருக்கு வந்த நடுக்கத்தில் கட்டில் தரையில் நகர்ந்தது. கால் பங்கு அளவுக்கே பழகியிருந்த உடம்பு. நங்கை கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு சொன்ன சொல் தவறாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

6

அண்ணனை அழைத்துப்போய்ச் சென்னை மருத்துவரிடம் நடந்ததைச் சொன்னபோது அவர் முதலில் நம்பவில்லை. பிறகு நாற்காலியில் சாய்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மருந்தை நிறுத்தும் முடிவைத் தள்ளிவைத்தார். முழு அளவில் சில மாதங்கள் பார்ப்போம் என்றார்.

அன்று வெளியே பெஞ்சில் மேச்சேரி பக்கத்துக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஆடு மேய்ப்பவர். அண்ணனுக்கு இருந்த அதே நோய். மாத்திரை வாங்க வந்திருந்தார். இன்டர்ஃபெரான் என்ற சொல்லையே அவர் கேட்டதில்லை. அண்ணன் அவரோடு ஆடுகளைப் பற்றி வெகுநேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு உள்ளே வந்து மருத்துவரிடம் கேட்டார்.

"பசங்களுக்கு வேண்டாம்னீங்க, சரிங்க. இவருக்கு நோவு இருக்குதல்லங்க. இவருக்கு ஒரு பங்கு குடுத்தா?"

பாதிப் பாதியாகக் கொடுத்தால் இருவருக்கும் பயனில்லை என்று மருத்துவர் பொறுமையாகச் சொன்னார். அண்ணன் தலையசைத்தார். கடல் கடந்து போன தங்கை இருப்பவருக்கு ஒரு விதி, இல்லாதவருக்கு இன்னொரு விதி என்பதை எந்த நுண்ணோக்கியில் வைத்து நான் அவருக்கு விளக்குவது? முன்பு ஏட்டைப் பிரித்துக் கொடுத்துவிட்டு ஓரமாக நின்று கேட்ட அதே விவாதம்தான். இந்த முறை நான் ஓரமாக நிற்கவில்லை. பெட்டியைத் தூக்கி வந்தவளே நான்.

அதனால் சிலரைச் சேர்த்துக்கொண்டு ஒரு வேலையைத் தொடங்கியிருக்கிறேன். இங்கே சிகிச்சை மாற்றப்பட்ட நோயாளிகளுக்காக வாங்கி, காலாவதியாகாமல், முத்திரை உடையாமல் மிஞ்சும் குப்பிகளை முறையாகப் பெற்று, நம் மருத்துவமனைகளுக்கு அனுப்பும் முயற்சி. இரண்டு அரசாங்கங்களின் விண்ணப்பங்கள் என் சாப்பாட்டு மேசையை அடைத்துக்கொண்டிருக்கின்றன. இதுவரை போய்ச் சேர்ந்தது சொற்பம். மேச்சேரிக்காரருக்கு அது எட்டவில்லை. அவர் சென்ற கோடையில் இறந்துவிட்டதாக அண்ணன் சொன்னார். முயற்சியை நிறுத்துவதாக இல்லை.

நம் ஊரில் இந்தச் சிகிச்சை இனி மெல்லப் பரவும். அதற்கு முன் மூன்றைச் சொல்ல விரும்புகிறேன். காய்ச்சல் வந்தால் மருந்து கெட்டுவிட்டது என்று நிறுத்தாதீர்கள். காய்ச்சல் வருகிறது என்பதால் அது தடுப்பூசி என்றும் எண்ணாதீர்கள். நோயாளி திடீரெனப் பேச்சைக் குறைத்தால், சோற்றைத் தள்ளினால், அதை அவர் குணக்கேடு என்று நினைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அண்ணனுக்கு அப்படி ஒரு பருவம் வந்தது. ஷெட்டுக்குப் போகாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நங்கை காய்ச்சலைவிட அதற்குத்தான் பயந்தார். சென்னைக்கு அழைத்துப் போனதும் அவர்தான். மருத்துவர் சில வாரம் அளவைக் குறைத்து, மனம் தெளிந்ததும் மீண்டும் ஏற்றினார். அளவைக் குறைப்பதும் கூட்டுவதும் அவர் வேலை. நம் வேலை அல்ல.

7

சென்ற திங்கட்கிழமைக்கு வருகிறேன். தோட்டத்துக்குத் தொலைபேசி வந்து ஓராண்டுதான் ஆகிறது. முட்டை விலை கேட்க வாங்கியது; எனக்கு அதனால் அண்ணனின் குரல் கிடைத்தது. காய்ச்சலோடு உட்கார்ந்திருந்தவளுக்கு அந்தக் குரலைக் கேட்க வேண்டும் போலிருந்தது. அங்கே பிற்பகல்.

முதலில் கவிதா வாங்கிக்கொண்டாள். "மாமா, நீ எப்படி இருக்க?" என்றாள். எங்கள் வீட்டில் மாமாவை நீ என்று சொன்னவள் அவள் ஒருத்திதான். நான் கண்ணைக் காட்டியதும் விழித்தாள். தவறு எது என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்த முனையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. பள்ளியில் என்ன நடந்தது என்று அவள் சொல்லத் தொடங்கினாள். பாதிக்கு மேல் ஆங்கிலம். அவர் ஒவ்வொன்றுக்கும் "அப்படிங்களா சாமி" என்று சொல்லிக்கொண்டிருந்திருக்க வேண்டும், அவள் நிறுத்தவே இல்லை.

பிறகு நான் வாங்கினேன். முழுக் குப்பி தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகப் போகின்றன. அவர் எண்ணிக்கை இயல்பில் நிற்கிறது. மண்ணீரல் கைக்கு அகப்படுவதில்லை. குணமாகிவிட்டது என்று மருத்துவர் சொல்லவில்லை. நானும் சொல்ல மாட்டேன். மூவருக்கும் காய்ச்சல், மூவரும் கம்பளிக்குள் என்றேன்.

"மூணு பேருக்குமா?" என்றார். "யாருக்கு வந்த மருந்தை அங்க பங்கு போட்டுக்கிட்டீங்க?"

சிரித்ததில் எனக்கு இருமல் வந்துவிட்டது. இருமி முடித்து, இன்று திங்கட்கிழமை ஆயிற்றே, ஊசி ஆயிற்றா என்று கேட்டேன். இடையில் இரண்டு நாள் விட்டு வரும் ஊசி என்பதால் திங்கட்கிழமை மட்டும் அவருக்கு இன்னும் குளிர் வருவதுண்டு.

"ஆச்சு. காத்தாலயே ஆச்சு. நடுங்கிக்கிட்டேதான் பேசறேன், கேக்குதல்ல?"

"பசங்க எங்கீங்ணா?"

"ஷெட்டுல. லோடு ஏறுது."

"நங்கை?"

"இங்கதான். கட்டிலுக்குப் பக்கத்துல உக்காந்துக்கிட்டு அட்டையில முட்டை அடுக்கறா." அவர் குரல் நடுங்கியது, நின்றது, மறுபடி வந்தது. "இப்பெல்லாம் ஊட்டுல கம்பளி ஒண்ணு போதுது, அம்மிணி."